மில்ஃபோர்டு சாலையில் குளிர்காலம்: கேம்பர்வேனோடு போகிறவர்களுக்கு

நியூசிலாந்தின் தென் தீவில், தே அனாவ் ஊரிலிருந்து, மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து நிற்கும் மில்ஃபோர்டு சவுண்ட் வரை 120 கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. கோடையில் எங்கும் நிற்காமல் ஓட்டினால் இரண்டு மணி நேரப் பாதை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அங்கே குளிர் உச்சத்தில் இருக்கும்போது, கணக்கு வேறு. ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம், அதற்கு மேல் கையில் ஒரு முழு உபரி நாள். அந்த நாளை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டுப் பிறகு கேம்பர்வேன் (படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வேன்) வாடகை, படகு டிக்கெட், கேம்பிங் பதிவு எல்லாவற்றையும் செய்யுங்கள். உபரி நாள் இல்லாதவர்கள்தான் வழுக்கும் வளைவில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறார்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்டால், அந்த இடத்துக்குக் குளிர்காலம்தான் பொருத்தமான பருவம் என்பேன். மில்ஃபோர்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அதில் குளிர்கால மாதங்களின் பங்குதான் குறைவு. வானம் தெளிந்து, மலைகள் பாதி வரை வெள்ளையாகி, கூட்டமும் இல்லாமல் கிடைக்கும் நாட்கள் அப்போதுதான் அதிகம். கோடையில் காலைக் கடித்துப் புண்ணாக்கும் 'நாமு' என்கிற குட்டி ஈக்களும் குளிரில் அடங்கிவிடும். விலையாகக் கொடுப்பது வெளிச்சம். ஜூன் கடைசியில் எட்டரை மணிக்குத்தான் விடியும், ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 22 பாகை அளவுதான் எழும்பும். அதுவும் வடக்குப் பக்கம். பள்ளத்தாக்குகளில் பல இடங்களில் அந்த வெயிலையும் மலை மறைத்துவிடும்.

குவீன்ஸ்டவுனில் வேனை எடுத்தால் தே அனாவ் 170 கி.மீ. தொலைவு. வகாத்திப்பு ஏரியை ஒட்டிய வளைவுகளில் காலை நேரத்து நிழல் ஆபத்தானது. அங்கே தாரின் மேல் கண்ணாடி போலப் பனி படிந்திருக்கும், கண்ணுக்கு ஈரம் என்றுதான் தெரியும். பாலங்களின் மேலும் அப்படித்தான், மேலும் கீழும் காற்று பட்டுச் சாலையைவிட முன்னால் உறையும். சாலை இடது பக்கம் ஓட்டுவது நமக்குப் பழக்கம் என்பது ஒரு வசதி. ஆனால் ஏழு மீட்டர் நீள வேனின் பின்பகுதி வளைவில் எங்கே போகிறது என்பது பழக வேண்டிய விஷயம். முதல் நாளே மலைக்கு ஏறாதீர்கள். தே அனாவில் மின் இணைப்புள்ள இடத்தில் ஒரு இரவு தங்கி, டீசல், மளிகை, டயரில் மாட்டும் பனிச்சங்கிலி மூன்றையும் அங்கே முடியுங்கள். அதைத் தாண்டினால் கடை கிடையாது, எரிபொருளை நம்பிப் போக முடியாது, சாலையின் பெரும்பகுதியில் கைபேசி சிக்னலும் இல்லை.

டீசலைப் பற்றி ஒரு வார்த்தை. கடுங்குளிரில் டீசலில் உள்ள மெழுகு பிரிந்து வடிகட்டியை அடைத்துவிடும். தென் தீவின் குளிர்ப் பகுதிகளில் குளிர்காலத்துக்கென்றே தயாரித்த டீசல் விற்கிறார்கள். வடக்கே வெதுவெதுப்பான ஊரில் நிரப்பிய டேங்கோடு வந்து இரவு வெளியே நிறுத்தினால், காலையில் எஞ்சின் இருமிவிட்டு நின்றுபோகும். டேங்க் கால்வாசிக்கு இறங்கியதும் உள்ளூர் டீசலால் நிரப்புவதுதான் வழி. டீசல் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கில் தனியாகச் சாலை வரி உண்டு, வாடகையில் அது சேர்ந்திருக்கிறதா என்று வேன் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

மே முதல் நவம்பர் வரை மில்ஃபோர்டு சாலையில் அறிவிப்புப் பலகை சொல்லும்போது பனிச்சங்கிலி வைத்திருப்பது கட்டாயம். வாங்கி டிக்கியில் போட்டால் மட்டும் போதாது. பெட்டியில் அச்சிட்ட அளவும் டயரின் பக்கவாட்டில் உள்ள அளவும், உதாரணமாக 225/75 ஆர் 16, எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எந்தச் சக்கரத்தில் மாட்டுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். எஞ்சின் இழுக்கும் சக்கரத்தில்தான் சங்கிலி. ஃபியட் டுகாட்டோ மாதிரி வேன்களுக்கு அது முன்சக்கரம், ஹையேஸுக்கும் பெரும்பாலான ஸ்பிரிண்டர்களுக்கும் பின்சக்கரம். வேனை வாடகைக்கு விடுகிறவர்களிடம் வாயால் கேட்டு விடாமல் எழுதி வாங்குங்கள்.

வெயில் இருக்கும்போது, காய்ந்த தரையில், ஒருமுறை மாட்டிப் பழகுங்கள். சமதளத்தில் சாலையை விட்டு விலகி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கைபிரேக் போட வேண்டும். சங்கிலியைத் தரையில் விரித்து, முறுக்கு ஒன்றுகூட இல்லாமல் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கொக்கிகளின் திறந்த பக்கம் டயரைப் பார்க்காமல் வெளியே பார்த்திருக்க வேண்டும். டயரின் மேல் போர்த்தி, உள்பக்கக் கொக்கியை முதலில் மாட்டி, அது கையெட்டும் தூரத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு வெளிப்பக்கத்தை இழுத்து மாட்டுவது. பிறகு நாலைந்து மீட்டர் மெதுவாக நகர்த்தி, இறங்கி, மீண்டும் இறுக்க வேண்டும். இந்த இரண்டாம் இறுக்கத்தைத்தான் குளிரில் விறைத்த கைகள் சோம்பிவிடுகின்றன. தளர்ந்த சங்கிலி சக்கரத்தின் மேல்வளைவைச் சாட்டையால் அடிப்பது போல அடிக்கும். உள்பக்கம் பிரேக் குழாயில் பட்டால் சேதம் பெரிது. ரப்பர் பூசிய மீன்பிடிக் கையுறை, முழங்காலுக்கு ஒரு பழைய பாய், தலையில் மாட்டும் விளக்கு, இம்மூன்றும் சங்கிலிப் பையிலேயே இருக்கட்டும். சங்கிலியோடு 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது. தார் தெரிந்த சாலை வந்ததும் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் சங்கிலியும் டயரும் ஒன்றையொன்று தின்னும்.

எக்லின்டன் பள்ளத்தாக்கு வரை சாலை சாதுவானது. கண்ணாடி ஏரிகள், நாப்ஸ் ஃபிளாட், கன் ஏரி என்று கடந்து 'தி டிவைட்' என்ற கணவாய்க்கு வருவோம். உயரம் 530 மீட்டர் சொச்சம்தான், தென் ஆல்ப்ஸ் மலைத்தொடரைக் கிழக்கு மேற்காகக் கடக்கும் இடங்களில் மிகத் தாழ்வானது. அதற்கப்புறம் மலைகள் இரண்டு பக்கமும் செங்குத்தாக எழும்பும். பனிச்சரிவுப் பகுதி என்ற பலகையும், நிற்கக் கூடாது என்ற பலகையும் வரிசையாக வரும்.

இதை ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டால் சாலை மூடியிருக்கும்போது எரிச்சல் வராது. பனி சேர்வது சாலையில் அல்ல, தலைக்கு மேலே நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத்தில், கீழிருந்து கண்ணுக்கே தெரியாத சரிவுகளில். புயல் ஓய்ந்து நீல வானம் வந்த பிறகும் அந்தச் சுமை அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். வடமேற்குக் காற்றோடு வெதுவெதுப்பான மழை அதன்மேல் விழுந்தால் நிலைமை இன்னும் மோசம். அது கழன்று விழும்போது முன்னால் தள்ளிக்கொண்டு வரும் காற்றே வண்டியைப் புரட்டப் போதும். அதனால்தான் சாலையில் ஒரு துளி பனி இல்லாத, வெயில் அடிக்கும் காலையில் சாலையின் தடுப்புக் கதவு மூடியிருக்கும். அப்போது ஹெலிகாப்டரிலிருந்து வெடி போட்டுச் சரிவை வேண்டுமென்றே விழவைத்து, விழுந்ததை அகற்றிவிட்டுத் திறப்பார்கள். இந்தச் சாலையில் வரும் ஹோமர் சுரங்கத்தைத் தோண்டும் காலத்திலேயே, 1936இலும் 1937இலும், பனிச்சரிவில் மூன்று பேர் இறந்தார்கள். 1983இல் சாலைப் பராமரிப்பாளர் ஒருவர் இறந்த பிறகுதான் இந்தக் கண்காணிப்பு முறை உருவானது. டிவைட்டைத் தாண்டி வரும் 'பாப்ஸ் வியூ' என்ற காட்சிமுனை அவர் நினைவாகப் பெயர் பெற்றது. மூடிய கதவுக்கு முன்னால் நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

சாலை நிலவரத்தை முந்தைய இரவும் காலை ஏழு மணிக்கும் நியூசிலாந்துப் போக்குவரத்து அமைப்பின் தளத்தில் பாருங்கள். பனியோ உறைபனியோ இருந்தால் ஆட்கள் சரளை தூவிப் பார்த்துவிட்டுக் காலை தாமதமாகத்தான் திறப்பார்கள். ஆகவே அன்று தே அனாவிலிருந்து கிளம்புகிறவர்கள் முதல் படகுக்குப் பதிவு செய்வது வீண். ஒன்பது மணிக்குப் பிறகு கிளம்பி, நண்பகலுக்குப் போய்ச் சேர்ந்து, அதற்கடுத்த படகைப் பிடிப்பதுதான் மலை ஒத்துக்கொள்ளும் நேரம். அன்றே திரும்புவதானால் மூன்று மணிக்குள் மில்ஃபோர்டை விடுங்கள். உருகிய நீர் மீண்டும் உறையத் தொடங்குவது வெயில் மறைந்த உடனே.

ஹோமர் சுரங்கம் 1.2 கி.மீ. நீளம். 1935இல் தோண்டத் தொடங்கி 1954இல்தான் வண்டிகளுக்குத் திறந்தது. கிழக்கு வாய் கடல் மட்டத்துக்கு மேல் 945 மீட்டரில் இருக்கிறது, அங்கிருந்து மில்ஃபோர்டு பக்கமாகப் பத்துக்கு ஒன்று என்ற சரிவில் இறங்குகிறது. உள்ளே குடைந்த பாறை, ஒழுகும் நீர், மங்கிய வெளிச்சம். நுழையும் முன்பே கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, முகப்பு விளக்கைப் போட்டு, இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் கையால் மாற்றும் முறைக்கு மாற்றி அதே கியரில் நிறுத்த வேண்டும். சிக்னல் விளக்கு வேலை செய்யாத நேரத்தில் எதிர் வண்டி வரும் என்று எண்ணியே ஓட்ட வேண்டும். மேற்கு வாயில் வெளியே வந்ததும் கொண்டையூசி வளைவுகள். அங்கே பிரேக்கை அழுத்திப் பிடித்தே இறங்கினால் கருகிய நாற்றம் வரும். நிழலில் பனி இருந்தால் பிரேக் சக்கரத்தைப் பூட்டிவிடும், வேன் நேராகப் போகும். வேகத்தை எஞ்சினே பிடித்துக்கொள்ளட்டும், பிரேக் கடைசிக் கை.

சுரங்கத்துக்கு முன்னாலும் மங்கி கிரீக் பக்கத்திலும் கியா என்ற கிளி வரும். பச்சை உடம்பு, இறக்கைக்கு அடியில் ஆரஞ்சு, வளைந்த கொக்கு. தென் ஆல்ப்ஸ் மலை உயரத்தில் வாழ்வது. அழிவின் விளிம்பில் உள்ள, சட்டப் பாதுகாப்புப் பெற்ற பறவை, அசாத்திய மூளைக்காரப் பறவை. கதவின் ரப்பர் பட்டையை, வைப்பரை, கூரைத் திறப்பின் விளிம்பை நிதானமாக உரித்தெடுக்கும். உரித்த ரப்பர் வழியாக அன்றிரவே குளிர்காற்று உள்ளே வரும். உணவு கொடுத்தால் அது வண்டிகளை நம்பிச் சாலையில் நடமாடக் கற்று, சக்கரத்தில் மாட்டிச் சாகிறது. அனுமதித்த இடத்தில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளிருந்தே பாருங்கள்.

இனி இரவு. கேம்பர்வேன் பயணம் நல்லபடியாக முடிவதும் பாழாவதும் இந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில்தான்.

பல வாடகை வேன்களில் டீசலில் எரியும் ஹீட்டர் இருக்கும். நல்ல கருவி. மணிக்குக் கால் லிட்டருக்கும் குறைவாகக் குடிக்கும், புகையை வெளியே தள்ளும், உலர்ந்த காற்றைத் தரும். நடு இரவில் அது நின்றுபோவதற்குக் காரணங்கள் இரண்டுதான் அடிக்கடி. ஒன்று, வண்டியின் டேங்கிலிருந்து அது உறிஞ்சும் குழாய் அடிவரை போகாது. நீங்கள் நடுக்காட்டில் டீசல் இல்லாமல் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று வேண்டுமென்றே உயரத்தில் வைத்திருப்பார்கள். கால் டேங்குக்குக் கீழே இறங்கினால் எஞ்சின் ஓடும், ஹீட்டர் ஓடாது. இரண்டு, பேட்டரி. பற்றவைக்கும்போது சில நிமிடங்களுக்கு 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும். மின்னழுத்தம் அப்போது குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சரிந்தால் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். ஆகவே அடிக்கடி அணைத்து அணைத்துப் போடாமல், குறைந்த சூட்டில் இரவு முழுக்க ஓடவிடுவதுதான் பேட்டரிக்கு நல்லது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 100 ஆம்பியர்-மணி ஏ.ஜி.எம். (மூடிய ஈய-அமில வகை) பேட்டரியில் பாதியைத்தான் செலவழிக்கலாம். 50. ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 35ஐத் தொட்டுவிடும், ஹீட்டரின் விசிறிக்கு இரவில் 12 முதல் 15. விளக்கு, தண்ணீர் பம்ப், கைபேசி சார்ஜ் சேர்ந்தால் கையிருப்பு தீர்ந்தது. கூரையில் சூரியத் தகடு இருந்தாலும், 22 பாகை வெயிலில் மலை நிழலில் அது பெயருக்குத்தான். மூன்று மணி நேர ஓட்டம் பேட்டரியைத் தேற்றும். ஆனாலும் ஒரு இரவு விட்டு ஒரு இரவு மின் இணைப்பில் இருப்பதுதான் பாதுகாப்பான திட்டம். ஃபிரிட்ஜை இரவில் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பிவிடுங்கள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும்போது பாலை வெளிப்பெட்டியில் வைத்தாலே போதும்.

அடுப்பைக் கொளுத்தி அறையைச் சூடாக்குவது கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே உயிர் போகும். எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஹீட்டரின் புகைக்குழாயும் காஸ் பெட்டியின் அடித்துளையும் பனியில் புதையாத மாதிரி நிறுத்துங்கள். கையடக்க அடுப்புக்கு விற்கும் பியூட்டேன் குப்பிகளை நம்பாதீர்கள், பூஜ்யம் பாகையை ஒட்டி பியூட்டேன் ஆவியாகவே மறுத்துவிடும். குப்பி நிறைந்திருக்கும், தீ வராது. புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும் என்பதால், அது கலந்த சிலிண்டர் கைவிடாது.

தண்ணீர் இன்னொரு தலைவலி. சில வேன்களின் வெந்நீர்க் கலனில் உறைபனிக் காப்பு வால்வு உண்டு. கலனைச் சுற்றி வெப்பம் 3 பாகைக்கு இறங்கினால், கலன் வெடிக்காமல் இருக்க, அது தானாகத் திறந்து தண்ணீரைக் கீழே கொட்டிவிடும். காலையில் எழுந்தால் வண்டிக்கு அடியில் ஒரு பனித்திட்டு, குழாயில் காற்று. பழுது என்று பயப்பட வேண்டாம். உள்ளே 7 பாகைக்கு மேல் சூடாக்கினால்தான் வால்வை மூட முடியும், அதன் பிறகு நிரப்பலாம். படுக்கும் முன் கெட்டிலை நிரப்பி அடுப்பின் மேல் வைத்துவிடுங்கள். குழாய் உறைந்தாலும் காலைக் காபி உறுதி. பம்ப் சுவிட்சை அணைத்துவிட வேண்டும், உறைந்த குழாயில் வறண்டு ஓடினால் எரிந்துபோகும். வெளிக் குழாயைக் கழற்றி, வடித்து, சுருட்டி உள்ளே வையுங்கள்.

பலரும் எதிர்பார்க்காத எதிரி ஈரம். இரண்டு பேர் மூச்சு மட்டுமே ஒரு இரவில் அரை லிட்டருக்கு மேல் நீராவி தரும். அதோடு திறந்த பாத்திரத்தில் சோறு வடித்து, நனைந்த ஜாக்கெட்டை முன்சீட்டில் தொங்கவிட்டால், அதிகாலையில் முன்கண்ணாடியின் உள்பக்கமே பனிப்பாளமாக இருக்கும். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைப்பதால் இது இன்னும் கூடும். கூரைத் திறப்பை இரண்டு விரல் அகலம் திறந்தே வைத்து, ஹீட்டரை ஓடவிடுங்கள். ஈரக்காற்று போனால்தான் வெப்பம் தங்கும். சமையலுக்குத் திறந்த பாத்திரத்தைவிடக் குக்கர் நல்லது. முன்கண்ணாடிக்கு வெப்பத் திரை வெளிப்பக்கமாகப் போடும் வகை சிறந்தது. மெத்தையைக் காலையில் தூக்கிப் பாருங்கள், அடியில் ஈரம் தேங்கும். கண்ணாடியின் மேல் பனிக்கு வெந்நீர் ஊற்றினால் விரிசல் விடும். சுரண்டிதான். வைப்பரை முந்தைய இரவே தூக்கி நிறுத்தி வையுங்கள். ஈரமான பிரேக்கோடு கைபிரேக் போட்டு நிறுத்தினால் அது உறைந்து பிடித்துக்கொள்ளும்; சமதளத்தில் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைப்பது மேல்.

எங்கே தூங்குவது? இந்தச் சாலை போகும் ஃபியோர்ட்லாந்து தேசியப் பூங்காவுக்குள் சாலையோரத்தில் இஷ்டத்துக்கு நிறுத்தத் தடை. சொந்தக் கழிப்பறை, கழிவுநீர்த் தொட்டி எல்லாம் உள்ள வேன் என்பதற்கான பச்சைச் சான்று ஒட்டியிருந்தாலும் இங்கே அது செல்லாது. தே அனாவிலிருந்து 76 கி.மீ.யில் உள்ள காஸ்கேட் கிரீக் முகாம் அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறையுடையது, மின்சாரம் இல்லை. எக்லின்டன் பள்ளத்தாக்கின் பரந்த புல்வெளி பகலில் அழகு; ஆனால் தெளிந்த இரவில் மலையிலிருந்து வழியும் குளிர்காற்று அங்கேதான் குளம் போலத் தேங்கும். மில்ஃபோர்டு கடல் மட்டத்தில் இருப்பதால், அந்தப் பள்ளத்தாக்கைவிட இரவில் குளிர் குறைவு. அங்கே முன்பதிவு கிடைத்தால் தங்குவதே என் தேர்வு. காலையில் கூட்டம் வருவதற்கு முன், அசையாத நீரில் மைட்டர் சிகரம் தலைகீழாக நிற்பதைப் பார்க்க வேறு வழி இல்லை. ஒரே நிபந்தனை: இரண்டு நாள் சாப்பாடு வண்டியில் இருக்க வேண்டும். இரவில் பனி கொட்டினால் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் அடைபட்டுவிடுவீர்கள்.

ஊரிலிருந்து பொடி, ஊறுகாய் கொண்டுபோகிறவர்கள் நியூசிலாந்தில் நுழையும்போது தரும் பயணி அறிவிப்பில் ஒன்று விடாமல் குறிப்பிடுங்கள். மறைத்தால் அங்கேயே 400 டாலர் அபராதம். கறிவேப்பிலை போன்ற பச்சைப் பொருள் வேண்டாம்.

படகில் ஏறியதும் மேல்தளத்துக்குப் போங்கள். நீர் கறுப்பாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. மழைநீர் காட்டு மண்ணின் சாயத்தைக் கரைத்துக்கொண்டு வந்து கடல்நீரின் மேல் ஒரு நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. அது வெளிச்சத்தை மறைப்பதால், மற்ற இடங்களில் ஆழத்தில் மட்டுமே வாழும் கறுப்புப் பவளம் இங்கே மேலேயே வளர்கிறது. பனியாறு குடைந்த பள்ளத்தில் கடல் புகுந்தது என்பதால் இது ஃபியோர்டு. ஆற்றுப் பள்ளத்தாக்கில் கடல் புகுந்தால்தான் 'சவுண்ட்'. பெயர் வைத்தவர்கள் தவறினார்கள், பெயர் நின்றுவிட்டது. மாவோரி மக்கள் பியோபியோதாஹி என்கிறார்கள். 151 மீட்டர் உயர ஸ்டிர்லிங் அருவிக்கு அடியில் படகு மூக்கை நுழைக்கும். அந்த நேரத்துக்கு மட்டும் கேமராவை உள்ளே வைத்து, மழைச்சட்டையின் தலைமூடியை இழுத்து விட்டுக்கொண்டால் போதும். நனைந்தபடி வேனுக்குத் திரும்பினால், மேலே சொன்ன ஈரக்கணக்கு அன்றிரவே தொடங்கும்.

சாலை மூடியே இருக்கிறதா? உபரி நாளுக்கு மனபூரி இருக்கிறது, தே அனாவிலிருந்து 20 கி.மீ. சொச்சம். வேனை அங்கேயே விட்டுவிட்டு, ஏரியைப் படகில் கடந்து, 671 மீட்டர் உயர வில்மாட் கணவாயைப் பேருந்தில் தாண்டினால் டவுட்ஃபுல் சவுண்ட். பொதுச் சாலையோடு தொடர்பே இல்லாத வழி என்பதால் ஹோமரில் கதவு மூடியிருக்கும் நாளிலும் பெரும்பாலும் நடக்கும். முழு நாள் ஆகும். குளிர்காலத்தில் படகுகள் குறைவு, ஆகவே காலை நிலவரம் பார்த்த கையோடு தொலைபேசியில் இடம் கேளுங்கள்.

திரும்பி தே அனாவ் வந்ததும் கழிப்பறைப் பெட்டியையும் கழிவுநீரையும் அதற்கான இடத்தில் கொட்டுங்கள். கழிவுநீர் வால்வு உறைந்திருந்தால் நெம்பாதீர்கள், கெட்டில் வெந்நீரை மெல்ல ஊற்றி இளக்க வேண்டும். சங்கிலியை நல்ல தண்ணீரில் அலசி, ஒவ்வொரு கண்ணியிலும் சரளை மாட்டியிருக்கிறதா என்று பார்த்து, ஹீட்டரின் காற்றுவாய்க்கு முன்னால் பரப்பி, முழுக்கக் காய்ந்த பிறகு முறுக்கில்லாமல் பெட்டியில் வையுங்கள். அடுத்து அதை வெளியே எடுக்கிறவர் இருட்டில், விறைத்த விரல்களோடு எடுப்பார்.